மழையில் நடந்த கணக்கு வகுப்பு

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வுக்குப் போன ஆஸ்பத்திரி லிஃப்டுக்குக் கையெழுத்துப் போடாமல் திரும்பினேன். பிரேக் பிடித்த பிறகும் ஒரு சாண் இறங்குகிறது. "ஒரு சாண்தானே சார்" என்றார் மேனேஜர். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவனுக்கும் அது ஒரு சாண்தானா? சரி பண்ணிவிட்டுக் கூப்பிடுங்கள், மறுபடி வந்து சோதிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவியும் அவள் அண்ணனும் மகள் சிட்டுவின் பள்ளிக்கூடம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வருகிற ஜூனில் சிட்டு ஒன்றாம் வகுப்பு. அவளுக்கு இரண்டு காதிலும் கருவி. அது இருந்தால் கேட்கும். ஆனால் இரைச்சலில் எல்லாம் கலங்கிவிடும், எதிரில் முகம் தெரிந்தால்தான் வார்த்தை பிடிபடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மச்சான் பிடித்துக் கொடுத்த தனியார் பள்ளிக்குப் போன வாரம் போய் வந்தோம். வாசலில் நீரூற்று. முதல்வர் பேசி முடிக்கும்வரை சிட்டுவின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துக்கறோம். மத்தவங்க வேகத்துக்கு வரலைன்னா அடுத்த வருஷம் வேற இடம் பார்த்துக்கணும்."

அடுத்த தெருவில் அரசு தொடக்கப்பள்ளி இருக்கிறதே என்றேன். மச்சான் சிரித்தார். "நல்லா கேக்கற பிள்ளைக்கே அங்க ஒண்ணும் கேக்காது மாப்பிள்ளை."

மனைவி மடித்த துணியையே எடுத்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 7, வெள்ளி

அரசுப் பள்ளியைப் போய்ப் பார்த்துவிடுவது. வாசலில் நின்றபடி எந்த லிஃப்டுக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

மார்ச் 10, திங்கள்

தலைமையாசிரியையிடம் சிட்டுவைப் பற்றிச் சொல்லி, ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். மறுப்பார் என்று நினைத்திருந்தேன். "ஒண்ணாம் வகுப்புல கடைசி பெஞ்ச் காலியா இருக்கு. உங்களுக்குக் கால் மடங்காது, பொறுத்துக்குங்க" என்றார்.

தகரக் கூரை. சுவரில் ஈரக் கறை. ஒரு குழாய் ஒழுகுகிறது. கழிப்பறை சுத்தம், தாழ்ப்பாள் விழுகிறது (போட்டுப் பார்த்தேன்). வராந்தாக் கம்பி ஆடுகிறது. சொன்னேன், குறித்துக்கொண்டார்.

டீச்சர் ஒல்லியாக, தலை நரைக்கத் தொடங்கிய பெண். நான் உள்ளே போனபோது வகுப்பு சந்தைக்கடை. அதட்டுவார் என்று காத்திருந்தேன். குரலைத் தணித்தார். இன்னும் தணித்தார். முன்வரிசை அடங்கியது, பிறகு நடுவரிசை. கடைசியில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தேன். ஒரு பிரம்பு இல்லை, ஒரு 'உஷ்' இல்லை.

இன்னொன்று. போர்டில் எழுதுவார், திரும்புவார், பிறகுதான் பேசுவார். ஒருமுறை எழுதிக்கொண்டே பேசத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, திரும்பி, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொன்னார்.

எனக்காகச் செய்து காட்டினாரோ? ஆய்வு என்று தெரிந்த அன்று எல்லா லிஃப்டும் ஒழுங்காகத்தான் ஓடும்.

மார்ச் 11, செவ்வாய்

"நல்லா இருந்துச்சா?" என்று மனைவி கேட்டாள். நான் வருவது தெரிந்த அன்றைக்கு நன்றாக இருந்தது என்றேன். "உங்க புத்தி எங்க போகும்" என்றாள்.

மார்ச் 19, புதன்

இதை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

மதியம் பள்ளிக்கு எதிர்க் கட்டிடத்தில் வேலை முடிந்து வெளியே வந்ததும் வானம் பொத்துக்கொண்டது. ஓடிப்போய்ப் பள்ளி வராந்தாவில் ஏறினேன். "மழை விடட்டும், நில்லுங்க" என்றார் காவலர். நின்ற இடம் ஒன்றாம் வகுப்பு ஜன்னல் ஓரம். நான் நிற்பது உள்ளே யாருக்கும் தெரியாது.

தகரத்தின் மேல் மழை. பக்கத்தில் நின்ற காவலர் என்னிடம் ஏதோ சொன்னார், வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. போச்சு, இனி என்ன பாடம், பிள்ளைகளைச் சும்மா உட்கார வைப்பார் என்று நினைத்தேன்.

டீச்சர் வாயை மூடிக்கொண்டார். ஏழு பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார். தன் கைகளை இறக்கைபோல விரித்துக் காட்டினார். ஏழு பறவைகள். மூன்று பேரின் தோளைத் தொட்டார். மூன்றும் பறந்து அறையைச் சுற்றிப் போய்த் தங்கள் இடத்தில் உட்கார்ந்தன. டீச்சர் புருவத்தை உயர்த்தினார். அவ்வளவுதான் கேள்வி. அறை முழுக்கக் கைகள் உயர்ந்தன. நான்கு விரல், நான்கு விரல், நான்கு விரல்.

ஒரு பையன் மட்டும் ஐந்து விரலையும் காட்டினான். யாரும் அவனை இடிக்கவில்லை. டீச்சர் அவன் முன்னால் மண்டியிட்டு, தன் முகத்தை அவன் முகத்துக்கு நேராக வைத்து, நிற்கும் பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டி உதட்டை மட்டும் அசைத்தார். அவன் பார்த்தான். அவர்களைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். கட்டைவிரலை மெல்ல மடக்கினான். உடனே எல்லாப் பிள்ளைகளும் கையை மேலே தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அது அவர்கள் கைதட்டல் போலிருக்கிறது.

அந்த அறையில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. பாடம் நடந்துகொண்டிருந்தது.

எப்படிம்மா இது... நான் என்னத்தைச் சோதிக்கப் போனேன்? தாழ்ப்பாளையா? சட்டை முழுக்க நனைந்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

மழை விட்டதும் டீச்சர் வெளியே வந்தார்.

"மழை வந்தா இப்படித்தானா?" என்றேன்.

"வேற என்ன சார் பண்றது. கத்தினா எனக்குத் தொண்டை போகும், அவங்களுக்குப் பொறுமை போகும்."

"அன்னைக்குத் திரும்பித் திரும்பிப் பேசினீங்களே, அது என் மகளுக்காகவா?"

"யாரு உங்க மக?"

அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "முதுகுக்கு வாய் கிடையாதே சார், அதான் திரும்பறது" என்றார்.

சிட்டுவைப் பற்றிச் சொன்னேன். ஐயோ பாவம் என்ற முகம் வருமே, வரவில்லை. "எந்தப் பக்கம் கொஞ்சம் நல்லா கேக்கும்?" என்று மட்டும் கேட்டார். இடது என்றேன். வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். இடம் தேடுகிறார் என்று புரிந்தது.

மார்ச் 20, வியாழன்

மனைவியிடம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். பறவையாகப் பறந்தபோது சிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

"நீங்க பார்த்தது டீச்சரைங்க. பிள்ளைங்க? நாலு பேர் சேர்ந்து அவ காதைப் பார்த்துச் சிரிச்சா நீங்களா போய் நிப்பீங்க?"

திங்கட்கிழமை, தான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் தானே சிட்டுவைக் கூட்டிப்போய் ஒருநாள் இருந்து பார்க்கிறாளாம்.

மார்ச் 24, திங்கள்

எனக்கு வேலையே ஓடவில்லை. மாலையில் மனைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

இடைவேளையில் ஒரு சின்னப் பெண் வந்து சிட்டுவின் காதைத் தொட்டு "இது என்னது?" என்றிருக்கிறாள். "நான் எழுந்துட்டேங்க. டீச்சர் பார்த்த பார்வையில திரும்ப உக்காந்துட்டேன்."

சிட்டு உள்ளங்கையைக் குவித்துத் தன் காதை மூடிக் காட்டியிருக்கிறாள். கையால் மூடினால் கருவி 'கீ' என்று கத்துமே, அது. அந்தப் பெண் துள்ளிக் குதித்து இன்னொருத்தியைக் கூட்டி வந்தாளாம். அப்புறம் பாதி வகுப்பும்.

"வரிசையில நிக்கறாங்க. நம்மாளு இடுப்புல கை வச்சுக்கிட்டு, 'நீ அப்பவே கேட்டுட்ட, பின்னாடி போ'ங்கறா."

இதைச் சொல்லி முடித்ததும், "சேர்த்துடலாம்" என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

சேர்த்துவிட்டோம். மச்சான் என்னோடு பேசுவதில்லை.

ஜூன் 16, திங்கள்

சிட்டு அழுதுகொண்டு வந்தாள். காலையிலேயே இரண்டு கருவியிலும் பேட்டரி தீர்ந்து மதியம்வரை ஒன்றும் கேட்கவில்லையாம். கோபத்தோடு போனேன். எல்லாம் வெறும் மழைக்கூத்துதானா, நான்தான் ஏமாந்தேனா என்று வழி முழுக்கப் பொருமல்.

டீச்சர் சாக்குச் சொல்லவில்லை. "நான் கவனிக்கல சார். இனிமே காலைல முதல்ல அதைத்தான் பார்ப்பேன்" என்றார். பிரேக் பழுது என்று நான் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளும் மேனேஜரை இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. தெருவுக்கு வந்தபோது கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மாற்றுப் பேட்டரி ஜோடி ஒன்று இனி அவர் மேசையிலும் இருக்கும்.

செப்டம்பர் 12, வெள்ளி

டீச்சர் எங்கள் இருவரையும் வரச்சொல்லியிருந்தார். மனைவி வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"உங்க பொண்ணுமேல ஒரு புகார்" என்றார் டீச்சர். "பாடம் நடக்கறப்போ ஓயாம பேச்சு. ஒரு சிநேகிதி பிடிச்சிருக்கா. பிரிச்சு ஆளுக்கொரு மூலையில உக்கார வச்சேன். புண்ணியமில்ல. குரலே இல்லாம, உதட்டாலயே அங்கேருந்து இங்க பேசிக்கறாங்க. இப்ப பாதி வகுப்பு கத்துக்கிச்சு. நான் யாரைன்னு பிடிக்கறது?"

"கண்டிக்கிறோம் டீச்சர்" என்றாள் மனைவி, முகத்தை எப்படியோ இறுக்கி வைத்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து சிட்டுவை எதிரில் உட்காரவைத்தோம். அப்படி என்னதான் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சிக் கேட்டேன், அதட்டிக் கேட்டேன். மனைவியும் கேட்டுப் பார்த்தாள்.

"அது எங்களுக்குள்ள" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.