கோதின் உட்புறம்

பார்க்-எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
ஒக்டோபர் 19, ஞாயிறு

அன்புள்ள றொசானாவின் அப்பாவுக்கு,

நானும் மகளும் நல்ல சுகம். அங்கே வால்-டோரில் இப்போதே பனி விழத் தொடங்கிவிட்டதாக மகள் போனில் பார்த்துச் சொன்னாள். வேலைக்குச் சமையற்கூடத்துக்கு நடந்து போகும்போது தடித்த சப்பாத்தைப் போடுங்கள். போன கிழமை கேட்ட இருமல் மாறிவிட்டதா?

வெள்ளிக்கிழமை நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. "பாத்தன். ஏழு." வேறொன்றும் இல்லை. வேலையில் அதை வாசித்ததும் அளக்கும் மேசைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போனில் கதைத்தால் மறுபடியும் சண்டை பிடித்துவிடுவோம் என்ற பயத்தில் தாள் எடுத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரியாததையும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன்.

ஓகஸ்டில் லீவில் வந்தபோது ஓர் அரிசிப்பை நிறைய, துப்பாக்கியில் சுட்டு முடித்த பித்தளைக் கோதுகளைக் கொண்டுவந்தீர்கள். அங்கே நீங்கள் சேர்ந்திருக்கும் சுடும் கிளப்பில் ஒருவர் சும்மா தந்ததாம். வெடிமருந்தும் சன்னமும் போட்டு வீட்டிலேயே திரும்ப ரவையாக்கலாம் என்றீர்கள். "சூட்டுக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். இஞ்சை குசினி மேசையிலை இருந்து ரவை செய்யப் போறியளோ?" என்று நான் கத்தியது கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவிக்கும் கேட்டிருக்கும். பையிலிருந்து இருபது கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். அதற்குப் பிறகு போனில் "சாப்பிட்டியா", "ஓம்" என்பதைத் தவிர எங்களுக்குள் என்ன கதை இருந்தது?

மிச்சக் கோதுகள் உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால் கிடந்தன. கூட்டும்போது அவற்றோடு உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டும் அகப்பட்டது. வாங்க வேண்டிய கருவிகள்: கோதுகளைப் பளபளப்பாக்கும் அதிர்வுத் தொட்டி, கழுத்தை வெட்டிச் சீராக்கும் கருவி, நீளம் தடிப்பு அளக்க ஒரு கலிப்பர். கலிப்பருக்குப் பக்கத்தில் "ஆக மலிவு" என்று எழுதியிருந்தீர்கள். பதினாறு வருடமாக விமான உதிரிப்பாகங்களை அளந்து சரி பிழை சொல்கிறவளின் புருஷன் எழுதுகிற வேலையா இது? கோபப்பட வேண்டிய நான் சிரித்துவிட்டேன். நவம்பரில் உங்கள் பிறந்தநாள் வருகிறது. அதற்கு இதையே வாங்குவோம், ஆனால் நல்லதாக வாங்குவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை எனக்கு லீவு. அரிசிப்பையை மடியில் வைத்துக்கொண்டு மெற்றோவில் கிழக்கே போனேன். பெறி ஸ்டேசனில் ஒரு பொலிஸ்காரர் ஏறினார். வெறும் கோதுதான், குற்றமில்லை என்று தெரிந்தும் பையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து "பொன்ஜூர், மதாம்" என்றார். இறங்கும்வரை எனக்கு வியர்த்தது.

துறைமுகப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கடையை நடத்துகிறவர் மதாம் ஜிலேன். அறுபத்தைந்து வயதிருக்கும். இலக்குச் சுடும் போட்டிகளுக்கு இப்போதும் போகிறாராம். உங்கள் துண்டைக் கொடுத்தேன். அவர் அதை மடித்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, "கருவி பிறகு. முதலில் கோதைக் காட்டுங்கள்" என்றார். இந்தக் கோதுகள் எத்தனை தரம் சுடப்பட்டவை என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் முகம் மாறியது.

தாள் கோர்க்கும் கம்பி ஒன்றை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கி போல வளைத்தார். அதைக் கோதுக்குள் அடிவரை விட்டு மெல்ல மேலே இழுத்தார். முதலாவது வழுக்கி வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் "டக்" என்று தடக்கியது. கம்பியை என் கையில் தந்து என்னையே இழுத்துப் பார்க்கச் சொன்னார். ஐயோ, வெளியே விரலால் தடவினால் ஒன்றுமே இல்லை. உள்ளே, அடிக்குச் சற்று மேலே, சுற்றிவர ஒரு பள்ளம்!

அந்தக் கோதை இரும்பறுக்கும் வாளால் நீளவாட்டில் அறுத்துக் காட்டினார். தடித்த பித்தளைச் சுவர் அந்த ஓரிடத்தில் மட்டும் கடுதாசிபோல மெலிந்திருந்தது. ஒவ்வொரு சூட்டிலும் கோது விரிகிறது. அதைத் திரும்ப ஒடுக்கும்போது பித்தளை அடியிலிருந்து கழுத்துப் பக்கமாக ஊர்ந்து போகிறது. ரொட்டி மாவை இழுப்பது போலத்தான். நீண்டுபோன கழுத்தை வெட்டி எறிகிறோம். அந்தச் சீவல் முழுக்க அடிச்சுவரிலிருந்து வந்தது என்றார். இத்தனை வருடம் உலோகத்தோடு வேலை செய்கிறேன். கண்ணுக்குத் தெரியாமல் அது நடந்து போகும் என்று நான் அறிந்திருக்கவில்லை.

"இதை இன்னொரு தரம் சுட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்டேன். அடி தனியே பிய்ந்துபோகலாம், சூடான வாயு பின்பக்கமாகச் சுடுகிறவரின் முகத்துக்கு வரலாம் என்றார்.

நீங்கள் கொண்டுபோன இருபதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. கடைக்குள் நின்றபடியே போன் எடுத்தேன். "இதுக்கும் சண்டைக்கு வாறியோ? எல்லாம் கிளப்பிலை இருக்கிற றெஜான்ரை மெஷினிலை போட்டு ரவையாக்கியாச்சு. சனிக்கிழமை சுடப் போறம். வேலையிலை நிக்கிறன், பேந்து கதைப்பம்" என்று வைத்துவிட்டீர்கள். திரும்ப எடுத்தேன், நீங்கள் தொடவில்லை. அறுத்த கோதையும் கம்பியையும் படம் எடுத்து அனுப்பினேன். "கோவம் எண்டால் என்னோடை இருக்கட்டும். சன்னத்தைக் கழட்டி உள்ளுக்குப் பாருங்கோ" என்று எழுதினேன். அந்த இரண்டு நாளும் நான் எப்படி வேலைக்குப் போய் வந்தேன் என்று கேட்காதீர்கள்.

ஏழு. இருபதில் ஏழில் பள்ளம். நீங்கள் பார்த்தது சனிக்கிழமைக்கு முதல் நாள்.

இங்கே பையில் இருந்தவற்றை நேற்றுக் காலை நானும் மகளும் பார்த்து முடித்தோம். அறுபத்திரண்டில் பத்தொன்பது பழுது. அறுத்த பாதியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து றொசானா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்பாவுக்கு இது தெரியாதா, அம்மா?" என்று தமிழில் கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன். பத்தொன்பதையும் குறட்டால் நசுக்கிவிட்டேன்.

கருவிகளும் வாங்கிவிட்டேன். பளபளப்புத் தொட்டி இப்போதைக்கு வேண்டாம், சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் போதும் என்று மதாம் ஜிலேன் சொன்னார். கையால் சுற்றும் வெட்டுக்கருவியைத் தெரிவு செய்தேன். மின்சாரத்தில் ஓடுவதைவிட அது மெதுவானது, கைக்குப் புரியும். வெட்டிய விளிம்பின் பிசிறை எடுக்க ஒன்று, கோதை நுழைத்து அளவு பார்க்கும் உருளை ஒன்று, என் தராதரத்தில் ஒரு கலிப்பர். தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் அலுமாரியை நகர்த்தி ஒரு சின்ன மேசைக்கு இடம் விட்டிருக்கிறேன். இரண்டு கதிரை கொள்ளும்.

சுடப் போகவேண்டாம் என்று இனிக் கேட்கமாட்டேன். அந்தச் சத்தத்தோடு எனக்கு இருக்கும் பயம் போகப் போவதில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன், மறுக்காதீர்கள்: என் கைக்கு வராத எந்தக் கோதையும் உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். முருகன் உங்கள் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும். மிச்சத்தை நான் அளந்து பார்க்கிறேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
யோகராணி