இடப்பக்கம் சாய்ந்த கத்தி

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு முன்பல் விழுந்த செய்தியைப் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். மாப்பிள்ளையின் இருமல் விட்டதா? வெந்நீரைத் தவிர வேறெதையும் குடிக்க விடாதே.

வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்லியிருக்கிறாய். எனக்கென்று ஒரு அறைக்கு வெள்ளையடித்தாயிற்று என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பேச்சுக்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த அம்மாவின் கட்டைவிரல் கதையைக் கேள்.

மடக்குக் கத்திகள் பெட்டிக்குள் போகும் முன் கடைசியாக என் மேசைக்குத்தான் வரும் என்று உனக்குத் தெரியும். மடக்கினால் அலகு எந்தப் பக்கமும் உரசாமல் நட்டநடுவில் நிற்க வேண்டும். விரித்தால் ஆடக் கூடாது. கைப்பிடி விளிம்பு விரலை நெருடக் கூடாது. சரியில்லையென்றால் திருப்பிவிடுவேன். அது போய்ச் சேருவது பொருத்துகிறவரிடம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் உப்புத்தாள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு உப்புத்தாள் இருக்கும். பேச்சும் அதே மாதிரிதான். “வெட்டுதா இல்லையா, அதப் பாருங்க. நடுவுல நிக்குதா ஓரத்துல நிக்குதான்னு பாக்க இது என்ன குரூப் போட்டோவா?” என்பார். “ஓரத்துல நின்னா உரசும், உரசினா கீறும். கீறல் விழுந்தத நீங்க காசு குடுத்து வாங்குவீங்களா?” என்பேன் நான். எங்கள் சண்டையைக் கேட்கவே பக்கத்து மேசைக்காரி தேநீரும் கையுமாக வந்து நிற்பாள்.

போன மாதம் ஒரு தட்டுக் கத்திகளை அப்படியே திருப்பினேன். எல்லாம் இறுக்கம், விரிக்கவே வரவில்லை. சரிசெய்து அனுப்பினார். மறுபடியும் திருப்பினேன். தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக என் மேசைக்கே வந்துவிட்டார். இன்றைக்குப் பட்டறை இரண்டுபடும் என்று எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒரு கத்தியை எடுத்தார், அலகிலுள்ள பள்ளத்தில் நகத்தை வைத்தார், வழுக்கிக்கொண்டு விரிந்தது. “இப்ப நீங்க” என்று என்னிடம் நீட்டினார். இழுத்துப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டும் இழுத்தேன். வரவில்லை.

நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவரோ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “வெரல் எவ்வளவு நாளா இப்படி வீங்கிக் கெடக்கு?” என்றார். உனக்கே சொல்லாததை அவரிடம் எப்படிச் சொல்வது? “அது ஒண்ணுமில்ல” என்றேன். அவர் திரும்பி, “இறுக்கமாத்தான் இருக்கு, நான் பாத்துக்கறேன்” என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டுத் தட்டோடு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவரே டாக்டரிடம் கூட்டிப்போனார். ஊசி போட்டு, விரலுக்குக் கட்டும் போட்டார்கள். பயப்படாதே, இப்போது நன்றாகிவிட்டது. என் கையெழுத்தைப் பார், எங்காவது கோணியிருக்கிறதா?

கட்டு இருந்த நாட்களில் பழம் நறுக்க ஒரு கத்தி கொண்டுவந்து கொடுத்தார். எனக்கென்றே செய்தது. நகப்பள்ளத்தை ஆழப்படுத்தி, அலகைப் பிடிக்கும் திருகைத் தளர்த்தியிருந்தார். லேசாகத் தொட்டால் விரிகிறது. ஆனால் அலகு ஆடுகிறது. மடக்கினால் இடப்பக்கம் சாய்ந்து கைப்பிடியை உரசுகிறது. இப்படி ஒன்று என் மேசையைத் தாண்டிப் போனதே இல்லை என்றேன். “தெரியும். திருப்புறதுன்னா திருப்புங்க” என்றார்.

திருப்பவில்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கேதான் சாப்பிடுகிறார். அவரும் என்னைப் போலத் துணையை இழந்தவர். சமைக்கத் தெரியாது, குறை சொல்ல மட்டும் தெரியும். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் இரண்டு தட்டு வைத்துச் சாப்பிடுவது இப்போதுதான். எங்களுக்குள் சண்டை குறைந்துபோனதில் பக்கத்து மேசைக்காரிக்குத்தான் வருத்தம்.

அந்த அறையில் பேத்தியின் பொம்மைகளை வை. நான் வருவேன், உங்களோடு கொஞ்ச நாள் இருப்பேன், திரும்பிவிடுவேன். கோபித்துக்கொள்ளாதே. அதற்கு முன் விடுமுறைக்கு நீங்கள் மூவரும் இங்கே வாருங்கள். அவரும் இருப்பார். புது ஆளைக் கண்டால் என்ன முறை என்றுதான் உன் மகள் முதலில் கேட்பாள். அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று நீயே யோசித்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவா. நீ எந்த முறை சொன்னாலும் எனக்குச் சம்மதம். சொல்லிக்கொடுக்காமல் மட்டும் வந்துவிடாதே, கண்ணு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா