முஸ்னாவின் தாய்

அன்பு மகள் ஷம்ஸாவுக்கு, பஹ்லாவிலிருந்து அம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நாங்கள் சுகம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. ஸலாலாவில் நீயும் மாப்பிள்ளையும் முஸ்னாவும் கைக்குழந்தை அஸ்ஸானும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் உன் மாமியார் காதில் விழும், அதனால் பேரீச்சம்பழ டப்பாவோடு இதை உன் தம்பி ஹமதிடம் கொடுத்து விடுகிறேன்.

நேற்று முஸ்னா போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். தம்பி வந்ததும் அம்மா பேரிலிருந்து என்னை எடுத்துட்டாங்க பாட்டி, இனி நான் யாரு என்று கேட்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை அழாமல் கேட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. இத்தனை வருஷம் உம்மு முஸ்னா, முஸ்னாவின் தாயே என்று உன்னைக் கூப்பிட்ட வாயெல்லாம் ஆண்பிள்ளை பிறந்த மறுநாளே உம்மு அஸ்ஸான் என்று மாறிவிட்டதாம், நீயும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தாயாம். வழக்கம் அதுதான், எனக்குத் தெரியாதா. ஆனால் முஸ்னா நான் வைத்த பேர். மழையைச் சுமந்து வரும் வெள்ளை மேகம்தான் முஸ்னா. மூன்று வருஷம் காய்ந்து கிடந்த நம் வாய்க்காலில் அவள் பிறந்த வாரம் தண்ணீர் ஓடியது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் வைத்த பேர் என்று அப்பா கிண்டல் செய்தார், பிறகு ஊரில் நாலு வீட்டில் அதையே வைத்தார்கள்.

ஹமது பிறந்தபோது என்னையும் உம்மு ஹமது ஆக்கப் பார்த்தார்கள். வாய்க்காலில் தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள், நான் பாட்டுக்குத் துவைத்தேன். பிரசவத்தில் இவளுக்குக் காது போச்சு என்று முடிவு கட்டி, பக்கத்து வீட்டுக்காரி ஓதி ஊதிய தண்ணீர் கொண்டு வந்தாள், உன் அத்தை காதில் விட எண்ணெய் காய்ச்சி வந்தாள். அந்த நேரம் பார்த்து நீ வாசலிலிருந்து பசிக்குது என்றாய், இதோ வர்றேன் என்றேன். அடி கள்ளி, உம்மு ஷம்ஸா, காது நல்லாத்தானே இருக்கு என்று அத்தை கத்தினாள். அந்தப் பேருக்குத் திரும்பினேன். அதன் பிறகு இன்னும் இரண்டு ஆண்பிள்ளை பிறந்தும் யாரும் மாற்றிக் கூப்பிடவில்லை.

நீயும் சண்டை போடாதே, மாமியாரிடம் மரியாதை குறையக் கூடாது, உம்மு அஸ்ஸான் என்றால் திரும்பாமல் மட்டும் இரு. அஸ்ஸானுக்கு ஒரு குறையும் வராது, மாப்பிள்ளையை அபூ அஸ்ஸான், அஸ்ஸானின் தந்தை என்று கூப்பிடட்டும். வெள்ளிக்கிழமை உனக்கு நாற்பது முடிந்து பெண்கள் காப்பிக்கு வருவார்கள் அல்லவா, அம்மா எந்தப் பேருக்குத் திரும்புகிறாள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார் என்று முஸ்னாவிடம் சொல்லிவிட்டேன். இனி உன் பாடு.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும். வெந்தயக் கஞ்சியை நிறுத்தாதே.

இப்படிக்கு,
உன் அம்மா, முஸ்னாவின் பாட்டி