படலையில் தொங்கிய அப்பிள் போத்தல்

அப்பா,

வீடு முழுக்கக் கறுவா மணக்கிறது. காலை ஆறு மணிக்கு அப்பிள் துண்டுகளைப் போட்டு மூடினேன். இப்போது பின்னேரம் மூன்று மணி. நீங்கள் 'சோம்பேறிச் சட்டி' என்று பெயர் வைத்த ஸ்லோ குக்கர் குசினி மூலையில் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. அம்மா இரண்டு தரம் மூடியில் கை வைத்துவிட்டார். இரண்டு தரமும் நீங்கள் சொல்வதையே நானும் சொன்னேன்: "திறக்காதேங்கோ. திறந்தால் போச்சு."

அப்பிள்களைக் கொண்டுவந்தவர் சூசை மாமா. நெஞ்சில் ஒப்பரேசன் செய்து அவர் வீடு திரும்பி ஒரு மாதமாகிறது. வருத்தம் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் அப்பிள் பையோடுதான் வருகிறார்களாம். நேற்றுச் சனிக்கிழமைப் பூசை முடிந்ததும் ஓட்டோவில் வந்து இறங்கினார். ஒரு கையில் அப்பிள் பை, மற்றக் கையில் ஒரு வெறும் போத்தல். "பிள்ளை, கொப்பனுக்குச் செய்த அந்தக் கறுப்புச் சாமானை எனக்கும் செய்து தா" என்றார். பிறகு தேத்தண்ணி குடித்தபடி ஒரு விஷயம் சொன்னார். இரண்டு வருடமாக எனக்குத் தெரியாமல் இருந்த விஷயம். அதனால்தான் இந்தக் கடிதம்.

லண்டன் மாமி இந்தக் குக்கரை அனுப்பியபோது, அம்மா முதல் நாளே அதில் பாரைமீன் குழம்பு வைத்தது நினைவிருக்கும் உங்களுக்கு. எட்டு மணித்தியாலம் கழித்துத் திறந்தபோது மீனைக் காணவில்லை, முள் மட்டும் கிடந்தது. கால் மணித்தியாலத்தில் கறி இறக்குகிற எங்கள் பேசாலை ஊருக்கு இந்தச் சட்டி எதற்கு என்று அதை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டோம். ஐந்து வருடம் அங்கேயே இருந்தது.

அதைக் கீழே இறக்க வைத்தது உங்கள் தொண்டை. கதிர் சிகிச்சை முடிந்து வந்த உங்களுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. மருந்தைவிட அந்தக் கஞ்சிக் கோப்பையைத்தான் நான் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நாட்களில் வந்தவர்கள் எல்லாரும் அப்பிள் கொண்டுவந்தார்கள். மேசை நிறைந்தது, கதிரை நிறைந்தது. நீங்கள் ஒவ்வொரு பழத்திலும் இருந்த சின்ன ஸ்டிக்கரை உரித்துக் கட்டில் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"கடிக்க ஏலாதவனுக்குத்தான் எல்லாரும் அப்பிள் கொண்டு வருகினம். பல்லும் தொண்டையும் நல்லாயிருக்கேக்கை ஒருத்தனும் தரேல்லை."

குக்கரோடு வந்த சிறு புத்தகத்தை நான் எடுத்து வாசித்தது அன்றுதான். அதில் அப்பிள் பட்டர் என்று ஒன்று இருந்தது. அப்பிளைத் தோல் சீவி, துண்டு போட்டு, சீனியும் கறுவாவும் கராம்பும் சேர்த்து, குறைந்த சூட்டில் பத்து மணித்தியாலம் விடவேண்டும். வாசித்துச் சொன்னேன்.

"பட்டர் எங்கை பிள்ளை?"

"பட்டர் போடுறேல்லை அப்பா. பேர் மட்டும்தான்."

"பிறகேன் அந்தப் பேர்?"

"வெள்ளைக்காரரிட்டைத்தான் கேக்கவேணும்."

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்தால் தொண்டை நோகும் என்று கையால் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி போடச் சொன்னவர் அம்மா. ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் மூடியைத் திறந்து கிண்டப் போனவரும் அம்மாதான். அடிப்பிடிக்குமே என்ற பயம் அவருக்கு. நீங்கள் கட்டிலில் இருந்தே தடுத்தீர்கள். முப்பது வருடம் ஐஸ் பக்டரியில் நின்றவர் அல்லவா? "ஐஸ் பெட்டியும் இதுவும் ஒரே சாதியப்பா. திறந்தால் குளிர் போகும். இதிலை திறந்தால் சூடு போகும். பேசாமல் விடு." இங்கிலீசுப் புத்தகத்தில் இரண்டு பந்தியில் எழுதியிருந்தது அவ்வளவும் அதுதான். நான் பல்கலைக்கழகம் போய் வாசித்துச் சொன்னதை நீங்கள் வாசிக்காமலே சொல்லிவிட்டீர்கள்.

பத்து மணித்தியாலமும் முடிந்து, கடைசி ஒரு மணித்தியாலம் மட்டும் மூடியைச் சரித்து வைத்து ஆவியைப் போகவிட்டோம். மசித்தபோது பனங்கட்டிப் பாகு நிறத்தில், கரண்டியில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு தேக்கரண்டி தந்தேன். நீங்கள் கண்ணை மூடினீர்கள். விழுங்கினீர்கள். இருமல் வரவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்றீர்கள். பட்டமளிப்பு அன்று நான் அழவில்லை, அப்பா. நீங்கள் விழுங்கிய அன்று குசினிக்குள் போய் அழுதேன்.

அடுத்த நாளே போத்தல்கள் கழுவச் சொன்னீர்கள். அப்பிள் தந்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொரு போத்தல் போகவேண்டுமாம். முதல் போத்தல் சூசை மாமாவுக்கு.

அவரும் நீங்களும் ஏழு வருடமாகக் கதைக்கவில்லை. முதல்நாள் விற்காமல் மிஞ்சிய தன் மீனைப் புது மீனோடு சேர்த்து ஐஸ் போடச் சொன்னார் அவர். நீங்கள் கடற்கரையில் எல்லாருக்கும் முன்னால் "உன்ரை மீன் நாறுது" என்றீர்கள். அவ்வளவுதான். வருத்தம் என்று கேள்விப்பட்டும் அவர் வரவில்லை. ஆனால் மனைவியிடம் நாலு அப்பிள் கொடுத்துவிட்டிருந்தார். அந்த நாலையும் நீங்கள் வேறாக வைத்திருந்தீர்கள்.

அம்மாவை அனுப்பச் சொன்னேன். நீங்கள் விடவில்லை. "கொம்மா போனால் இன்னொரு சண்டை பிடிச்சிட்டு வருவா. நீ போ. 'உங்கடை அப்பிள்தான் மாமா, அப்பா காய்ச்சித் தந்துவிட்டவர்' எண்டு சொல்லு. காணும்."

உங்களுக்கு அது ஒரு வசனம். எனக்கு மலை. சின்ன வயதில் கடைக்கு அனுப்பினால் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கும்வரை வாய் திறக்காமல் நிற்கிறவள் நான். நாலு வருடம் விரிவுரை மண்டபத்தில் இருந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. சூசை மாமா வீட்டு வாசல் படலையடியில் நின்றேன். உள்ளே றேடியோ கேட்டது. கூப்பிட வாயெடுத்தேன், குரல் வரவில்லை. போத்தல் இருந்த பையைப் படலைக் கம்பியில் கொழுவிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

"குடுத்தனியோ?"

"ஓம் அப்பா."

"என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அன்று மத்தியானம் நான் கொண்டுவந்த கரண்டியை வேண்டாம் என்று கையால் தள்ளினீர்கள். என் வெட்கத்தில் பிறந்த ஒரு பொய், நீங்கள் விழுங்கக்கூடிய ஒரே சாப்பாட்டையும் நிறுத்திவிட்டது.

அதற்குப் பிறகு அரை மணித்தியாலம்தான் வீட்டில் இருக்க முடிந்தது. திரும்பப் போனேன். படலையடியில் ஊர் சுற்றும் கழுதை ஒன்று நின்றது. பையை இழுத்து விழுத்தி, அதன் கைப்பிடியைச் சப்பிக்கொண்டிருந்தது. போத்தல் மணலில் கிடந்தது, உடையவில்லை. எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது. "விடு! விடு சனியனே! அது அப்பாவின்ரை!" என்று கத்திக்கொண்டு பையை இழுத்தேன்.

"ஆரது, கழுதையோடை சண்டை பிடிக்கிறது?" சூசை மாமா சாரத்தோடு வெளியே வந்தார்.

கத்தத் தொடங்கிய வாய் மூடுமுன் சொல்லிவிட்டேன். "உங்கடை அப்பிள்தான் மாமா. அப்பா காய்ச்சித் தந்துவிட்டவர். நான் காலமை கொழுவிப்போட்டு ஓடிட்டன். அப்பாவுக்குக் குடுத்திட்டன் எண்டு பொய் சொல்லிப்போட்டன்."

அவர் போத்தலை எடுத்து மணலைத் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஏன் இப்பிடிக் கறுத்திருக்கு?" என்றார். பிறகு வேறு குரலில், "கொப்பன் விழுங்குறானோ?"

"இதை மட்டும் விழுங்குறவர். இண்டைக்கு அதுவும் இல்லை."

அவர் உள்ளே போய்ச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

உங்கள் அறை வாசலில் நின்று அவர் சொன்ன முதல் வார்த்தை: "டேய், என்ரை மீன் நாறேல்லையடா."

நீங்கள் திரும்பிப் படுத்தீர்கள். உங்கள் குரல் அப்போது காற்று மாதிரி. ஆனாலும் தெளிவாகச் சொன்னீர்கள்: "நாறினதுதான்."

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்தான்" என்று நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள்.

நான் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் சிரிப்பைச் சட்டென்று நிறுத்தினீர்கள். நான் கரண்டியை நீட்டினேன், வாங்கிச் சாப்பிட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் இருந்த ஏழு கிழமையும் சூசை மாமா வராத நாள் இல்லை.

அன்று எதற்குச் சிரித்தீர்கள் என்று நேற்றுத்தான் அவர் சொன்னார். "உன்ரை மகள் என்னட்டைக் குடுக்கேல்லையடா, முதல் கழுதையிட்டைத்தான் குடுத்தவள்" என்று அவர் உங்களிடம் சொல்லிவிட்டாராம். நீங்கள் சிரித்துவிட்டு, "அவளுக்கு எனக்குத் தெரியுமெண்டு காட்டாதை. ரெண்டாந்தரம் தானாப் போனவளெல்லோ. அது காணும்" என்றீர்களாம்.

அந்த ஏழு கிழமையும் வீதியில் கழுதை கத்தும்போதெல்லாம் "பிள்ளை, உன்னைத் தேடி ஆரோ வந்திருக்கினம்" என்பீர்கள். வெறும் பகிடி என்று நினைத்தேன். எல்லாம் தெரிந்துகொண்டு, மூடியைத் திறக்காமலே வைத்திருந்திருக்கிறீர்கள். என் முகம் சிவக்க ஒரு தரமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்கு நன்றி அப்பா.

இப்போது எனக்குப் பிரதேச செயலகத்தில் வேலை. கிழமையில் மூன்று நாள் வீடு வீடாகப் போகவேண்டும். தோட்டவெளியில் ஒரு வீடு, பெரியமடுவில் ஒரு வீடு, எல்லாம் தெரியாத படலைகள். குரல் வராவிட்டால் முதலில் உங்கள் வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். அதன் பின்னால் என் வசனமும் வந்துவிடும். "ஆர் உள்ளுக்கை? கந்தோரிலை இருந்து வந்தனான்" என்று நான் கூப்பிடுவதை நீங்கள் ஒரு தரம் கேட்டிருக்கவேண்டும்.

நான்கு மணியாகப் போகிறது. மூடியைச் சரித்து வைக்கும் நேரம். சூசை மாமாவின் போத்தலை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்திருக்கிறேன். நாளைக்குக் கந்தோர் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போவேன். படலையைத் திறந்து உள்ளே போய், அவர் கையிலேயே கொடுப்பேன். "உங்கடை அப்பிள்தான் மாமா. அப்பா காய்ச்சித் தந்துவிட்டவர்" என்றுதான் சொல்லப்போகிறேன். வீட்டுக்கு வந்து உங்களிடம் "குடுத்திட்டன் அப்பா" என்பேன். இந்த முறை அது பொய்யில்லை.