படிக்காமல் போட்ட கையெழுத்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டாலும் நீ சொல்லப்போவதில்லை. அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்துப் பதினெட்டு நாள் ஆகிறது, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்குள் வளைய வருகிறாள், இத்தனை வருஷமாக நான் சரியாகத் துடைக்காத மூலை முடுக்கெல்லாம் இப்போது பளிச்சென்று தெரிகிறதாம். உன் தம்பி பழையபடி வாரம் ஒரு தரம் வந்து சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு முன்னைப்போல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறான். குளியலறைக் குழாய் ஒழுகல் நின்றுவிட்டது, நானே வாஷர் மாற்றினேன். நம் கட்டடத்துக்குப் புது லிஃப்ட் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேனே, அதற்குள் ஒரு திரை இருக்கிறது, செவ்வாய்க்கிழமை நாலாம் மாடி டீச்சரம்மா காய்கறிப் பையோடு ஏறிக் கதவு மூடியதும் 'புதுப்பிக்கப்படுகிறது, காத்திருக்கவும்' என்று அதில் எழுத்து வந்து இருபது நிமிஷம் நடுவழியில் நின்றுவிட்டது. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்த்தவன் நான், உள்ளே ஆளை வைத்துக்கொண்டு லிஃப்டில் கைவைப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். டீச்சரம்மா வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "உங்க பொண்ணு மாதிரி ஆளுங்கதானே இதெல்லாம் பண்றது" என்று கேட்டார். 

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் நீ "ஒரு நிமிஷம்ப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய், உன் ஒரு நிமிஷம் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் நீளும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், அம்மா தாள்தாளாகப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்பிவிடுவாள். மேலே எண் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி. வியாழக்கிழமைக்குள் ஓர் அறிக்கை கொடுக்கவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய் அல்லவா, அவள் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்ததால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. நானும் முழுக்கக் கேட்டேன்.

உங்கள் கம்ப்யூட்டர் தொழிலின் லட்சணத்தைப் போன வருஷம் உன் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோதே சாப்பாட்டு மேஜையில் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் நான், மாப்பிள்ளை முன்னால் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். காலை ஒன்பதரைக்குத் திரையில் ஒரு கூட்டம், அதற்கு நின்றுகொண்டு பேசும் கூட்டம் என்று பெயர், பதினோரு பேரில் ஒருத்தர்கூட நின்று நான் பார்த்ததில்லை, ஒருத்தர் போர்வையே போர்த்தியிருந்தார். நேற்று என்ன செய்தேன் இன்று என்ன செய்வேன் என்று ஆளாளுக்கு ஒப்பிக்கிறீர்கள், ஒருத்தர் ஒப்பிக்கும்போது மற்ற பத்துப் பேரும் வேறு எதையோ தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு வேலை முடிய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் நாளைச் சொல்லமாட்டீர்களாம், சட்டை அளவு சொல்வீர்களாம், இது மீடியம், அது லார்ஜ் என்று. பன்னிரண்டு மாடிக்குக் கயிறு மாற்ற எத்தனை நாள் என்று கேட்ட கட்டட முதலாளியிடம் நான் எக்ஸ்ட்ரா லார்ஜ் என்று சொல்லியிருந்தால் என்னைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார். இரண்டு வார வேலையை ஓர் ஓட்டம் என்கிறீர்கள், ஒன்று முடிந்ததும் அடுத்தது, மூச்சு வாங்க நிற்பது எப்போது என்று மாப்பிள்ளையைக் கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே "அதுக்குத்தான் மாமா கம்பெனி மாறுறது" என்றார். ஆபீஸ் சுவரில் தொட்டிச்செடி மாட்டிக்கொடுத்த ஆளுக்குக்கூட ஏதோ தலைவர் என்று பட்டம் போட்டிருக்கிறீர்கள். 'நாம் ஒரு குடும்பம்' என்று எழுதிய பனியன் ஒன்றை எனக்கும் கொடுத்தாய், அந்தக் குடும்பத்திலிருந்துதான் அடுத்த மாதமே நாற்பது பேரை ஒரே மெயிலில் கழற்றிவிட்டார்கள், காலையில் நின்றுகொண்டு பேசும் கூட்டத்தில் அதைப் பற்றி யாரும் உட்கார்ந்துகூடப் பேசவில்லை. பனியன் நல்ல பருத்தி, கிரீஸ் துடைக்க வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் உங்கள் கூத்து, யாருக்கும் அடிபடாத வரையில் ஆடிக்கொள்ளுங்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டு வாசலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வண்டிகளுக்கு, இன்றைக்கு யார் யாரை ஏற்றவேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது உன் குழு செய்த மென்பொருள் என்று எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். பிள்ளைகளுக்காக ஏழு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வேலைக்கு வந்திருக்கும் அந்த அம்மா, நீ இரட்டைப்பிள்ளைக்காரி என்று சொல்வாயே, அவர் அதில் ஒரு மாற்றம் செய்திருக்கிறார். செய்தது என்ன, கம்ப்யூட்டரையே எழுதச் சொல்லியிருக்கிறார், இப்போது உங்கள் கம்பெனியில் அப்படித்தான் செய்யவேண்டுமாமே, கையால் எழுதினால் வேகம் போதாது என்கிறார்களாமே. அது நானூறு வரி எழுதிக் கொடுத்திருக்கிறது. இன்னொருத்தர் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்னால்தான் வெளியே விடமுடியும் என்று உங்களிடமும் ஒரு விதி இருக்கிறது, இருக்கிற விதிகளில் உருப்படியான விதி அது ஒன்றுதான், அதற்காக அவர் உனக்கு அனுப்பியிருக்கிறார். அது அதற்கு முந்தின வாரத்து வெள்ளிக்கிழமை மத்தியானம், நாற்பது விநாடியில் நீ பதில் போட்டிருக்கிறாய். 'பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்பதற்கு நாலு ஆங்கில எழுத்தாம், முழு வாக்கியம் எழுதக்கூட உங்களுக்கு முடியவில்லை. மறுநாள் சனிக்கிழமை காலையில் முப்பத்தெட்டுப் பேர் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டார்கள். முப்பத்தெட்டு வீட்டு வாசலில் பையைக் கட்டிக்கொண்டு மனுஷர்கள் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், வண்டி வரவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருத்தர் மூச்சு முட்டி அவசரப் பிரிவில் நாலு நாள் கிடந்து பிழைத்திருக்கிறார். எழுதினது மெஷின், எழுதச் சொன்னவர் படிக்கவில்லை, சரிபார்க்கவேண்டியவளும் படிக்கவில்லை, பிறகு எதற்கு இரண்டு பேர்?

அம்மா அதையேதான் வேறு மாதிரிக் கேட்டாள், நீ, "நானூறு வரிம்மா, யாரு உக்காந்து படிப்பா, எல்லாரும் இப்படித்தான்" என்று சிரித்தாய். யாரையும் குறை சொல்லாத கூட்டம் என்று ஒன்று நடத்தினீர்களாம், அதில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லையாம், கூட்டம் முடிந்த பிறகு உன் மேலாளர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரிப்போர்ட்டுல சரிபார்ப்பு முறைப்படி நடந்ததுன்னு மட்டும் எழுதிடு, மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றாராம். மீதி என்றால் அந்த அம்மாவின் வேலை. அவர் இன்னும் நிரந்தரமாகவில்லை, நீயோ அடுத்த குழுத் தலைவி என்று பேச்சு. பாவம்டி அந்தப் பொண்ணு என்றாள் அம்மா. அதற்கு நீ, "அவங்களுக்கு வேற வேலை கிடைச்சுடும்மா" என்றாய். நான் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன், சொன்னது நான்தான்.

என்னோடு லிஃப்ட் வேலை பார்த்த நெட்டை மாமாவை உனக்கு நினைவிருக்கும். பழைய பேரிங்கை உடைத்து உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகளைத் தீப்பெட்டியில் போட்டு உனக்குக் கொண்டுவந்து தருவான், நீ அதைத் தரையில் உருட்டி அம்மாவிடம் திட்டு வாங்குவாய். உனக்கு ஒன்பது வயதாகும்போது அவன் வருவது நின்றுவிட்டது. ஏன் வரதில்லை என்று நீ பத்துத் தடவையாவது கேட்டிருப்பாய், வேலையை விட்டு ஊர் மாறிவிட்டார் என்று சொன்னேன். அது பொய். ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்கு பிரேக் கட்டை மாற்றினோம், அவன் உச்சியில் மெஷின் அறையில், நான் கீழே கதவருகில். ஒருத்தன் வேலை செய்தால் இன்னொருத்தன் மேலே போய் பிரேக்கைக் கையால் விடுவித்து, ஸ்பிரிங் நட்டைத் தொட்டுப் பார்த்து, கைச்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, அங்கே தொங்கும் அட்டையில் 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போடவேண்டும், அதுதான் எங்கள் விதி. லிஃப்ட் ஓடாதபோது பதினோரு மாடியும் படிதான். அவன் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, "அண்ணே, ஒரு தடவை மேல வந்து பாத்துட்டுப் போடுங்க" என்றான். நான், "நீ பாத்தா நான் பாத்த மாதிரி" என்று சுவரில் அட்டையை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பெரிய மனசோடு அவனை நம்பினதாக அப்போது எனக்கே தோன்றியது, நிஜத்தில் படி ஏறச் சோம்பல். நட்டு இளகாமல் பிடிக்கிற இரண்டாவது நட்டை அவன் இறுக்க மறந்திருந்தான், மேலே போய் விரல் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். நாலாம் நாள் ஒரு தையல்காரம்மா மூன்றாம் மாடியில் வெளியே காலை வைக்கும்போது பிரேக் பிடிக்காமல் லிஃப்ட் கீழே இறங்கியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது, தையல் மெஷின் மிதிக்கிற கால்.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். "நான் பாக்கும்போது சரியாத்தான் இருந்துது, அப்புறம் அவன் தனியா ஏதாவது கை வச்சிருக்கலாம்" என்றேன். அவன் எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான், என்னை ஒரு தடவை பார்த்தான். அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு வேற வேலை கிடைச்சுடும் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். கிடைக்கவும் கிடைத்தது, ஊரின் அந்தக் கோடியில் தண்ணீர் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கடையில் உட்கார்ந்திருக்கிறான், லிஃப்ட் பக்கம் அவனை யாரும் சேர்க்கவில்லை. அடுத்த வருஷம் நான் சூப்பர்வைசர். அந்தக் கடை வழியாகப் போகும் பஸ்ஸில் நான் இருபத்திரண்டு வருஷமாக ஏறுவதில்லை, இரண்டு பஸ் மாறிச் சுற்றிக்கொண்டு போவேன், கேட்டால் அதில் கூட்டம் அதிகம் என்பேன்.

உங்கள் தொழிலை இத்தனை தாள் ஏசியிருக்கிறேன், அதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்ளப்போவதில்லை. ஆனால் ஏசுகிற ஆளின் யோக்கியதை உனக்குத் தெரிந்திருக்கட்டும். சட்டை அளவும் ஓட்டமும் பனியனும்தான் உன்னைக் கெடுத்துவிட்டன என்று சொல்ல எனக்கு ஆசைதான், எங்களிடம் அதெல்லாம் ஒன்றும் கிடையாது, நான் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டே அதைச் செய்தேன். வியாழக்கிழமை அறிக்கையில் 'நான் படிக்கவில்லை' என்று எழுது. பூசி மெழுகாதே, முறை, அழுத்தம், நேரமின்மை என்று சுற்றி வளைக்காதே. தலைவி பதவி போனால் போகட்டும், வேலையே போனால் இங்கே வா, உன் அறையில் உன் தம்பி போட்டுவைத்த சைக்கிளை அப்புறப்படுத்திவிடுகிறேன். நான் நாளைக் காலையில் அந்த பஸ்ஸில் போய் நெட்டையைப் பார்க்கப்போகிறேன், என்ன பேசுவது என்று தெரியவில்லை, பிறகு அந்தத் தையல்காரம்மா எங்கே என்றும் விசாரிக்கவேண்டும். நீ நன்றாக இருக்கவேண்டும் அம்மா, தலை நிமிர்ந்து நன்றாக இருக்கவேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு அந்த நாற்காலிதான் காரணம், மாற்றச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, கடிதத்தைக் கடைசி வரைக்கும் படி.

ஆசிகளுடன்,
உன் அப்பா

மகளே, அம்மா எழுதுகிறேன். படம் பிடிப்பதற்கு முன்னால் படித்துவிட்டுக் கீழே ஒரு கையெழுத்துப் போடு என்று உன் அப்பா எல்லாத் தாளையும் என் கையில் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். ஒற்றைக் கண்ணால் படிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நெட்டை அண்ணன் விஷயம் எனக்கும் இப்போதுதான் தெரியும், இறங்கி வந்ததும் அவரிடம் பேசிக்கொள்கிறேன். நாளைக்குத் தனியாக விட்டால் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிடுவார், அதனால் நானும் போகிறேன். கடை வாசல் வரைக்கும் நான் வருவேன், உள்ளே அவர்தான் போகவேண்டும். உனக்கும் அதேதான். ஒரு வரி விடாமல் படித்தேன்.

அம்மா