முதுகில் ஒரு கை

பண்டாரவளை
07.01.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் ஜெயந்தா மச்சாளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். நத்தாருக்கு அனுப்பிய ஒடியல் மாவும் கருவாடும் பத்திரமாக வந்து சேர்ந்தன. பொதியைத் திறந்த கையோடு பக்கத்து வீட்டு அம்மா தன் யன்னல்களைச் சாத்திவிட்டார். எனக்கோ அன்றைக்குச் சோறு இரண்டு மடங்கு இறங்கியது.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். வாசித்துவிட்டுக் கத்தாதீர்கள், மச்சாள் பாவம். வருகிற மாசி இருபத்தைந்தாம் திகதி இங்கே ஒரு நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. காலை ஆறு மணிக்குப் பண்டாரவளையில் புறப்பட்டு, எல்ல வழியாகப் பதுளைக்கு இறங்கி, வெலிமடைக்கு ஏறி, அங்கிருந்து ஹக்கலை ஏற்றத்தால் நுவரெலியாவுக்குப் போய்ச் சேர வேண்டும். நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. பின்னேரம் மூன்று மணிக்கு முன் வந்து சேர்ந்தவர்களின் பெயரை மட்டும் பதிவார்கள். முதலாவதாக வருவது இளசுகளின் கவலை. என் பெயர் அந்தப் பட்டியலில் ஏறினால் எனக்குப் போதும்.

"நாப்பத்தேழு வயதிலை உனக்கென்ன விசரே?" என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. எட்டு மாதமாகப் பள்ளிக்கூடம் விட்டதும் பழகி வருகிறேன். எங்கள் விளையாட்டு ஆசிரியர் நிலக்ஷன் தன்னுடைய பழைய கியர் சைக்கிளைத் தந்திருக்கிறார். அல்லைப்பிட்டியில் பிறந்தவளுக்கு மேடு என்றால் மதகு மட்டும்தானே. முதல் மாதம் கியரை எந்தப் பக்கம் மாற்றுவது என்று தெரியாமல் சங்கிலியை மூன்று தரம் அறுத்தேன்.

ஒரேயொரு வேண்டுகோள், அண்ணை. நீங்கள் வர வேண்டாம். இன்றுவரை நான் போய்ச் சேர்ந்த இடமெல்லாம் யாரோ கொண்டுபோய் விட்ட இடம்தான். இதையாவது நானே தொடங்கி நானே முடித்துப் பார்க்க ஆசை. முடிந்ததும் எழுதுகிறேன்.

உங்கள் தங்கச்சி
றஞ்சனி

*

அல்லைப்பிட்டி
18.01.2024

பாசமுள்ள றஞ்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் கத்தவேயில்லை. கத்தினேன் என்று மச்சாள் சொல்கிறாள். காது கேளாத மனுசன் அதை எப்படி அறிவான்? முப்பது வருடம் சங்கு குளித்ததற்குக் கடல் என் இரண்டு காதையும் எடுத்துக்கொண்டது. போனில் எழுதி அனுப்பலாம் என்கிறாய். அந்த எழுத்து எறும்பு ஊர்வது போல் இருக்கிறது. நீ தாளில் எழுது, நானும் எழுதுகிறேன். அப்பிடியாவது தபால்காரனுக்கு எங்கள் படலை மறக்காமல் இருக்கும்.

சைக்கிள் என்றதும் நினைவு எங்கேயோ போய்விட்டது. உனக்குப் பதினொரு வயது. பட்டணத்துக் கொன்வென்ற் பள்ளிக்கூடத்துக்கு நீ போவதும் பெரியகடைச் சந்தைக்கு நான் மீன்பெட்டி கொண்டுபோவதும் ஒரே நேரம். சோளகக் காலத்தில் காலையில் காற்று எங்கள் முதுகுப்பக்கம். பண்ணைப் பாலத்தில் நீ மணியடித்துக்கொண்டு எனக்கு முன்னால் பறப்பாய். பின்னேரம் அதே காற்று முகத்தில் அறையும். எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போது உன் இரண்டு பின்னலுக்கும் நடுவில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டு வருவேன். மண்டைதீவுச் சந்தி வரும்வரை கை எடுக்கமாட்டேன். ஒருநாள் நீ அப்படியே நித்திரையாகிவிட்டாய். கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. நீ இல்லையென்பாய், ஆனால் பார்த்தவன் நான்.

ஏற்றத்துக்கும் எதிர்காற்றுக்கும் மருந்து ஒன்றுதான். தலையைக் குனி, தூரத்தைப் பார்க்காதே. காலையில் கஞ்சி குடி, பாணைத் தின்றுவிட்டு ஓடாதே. இறக்கத்தில் பிறேக்கை நம்பாதே.

வர வேண்டாம் என்றால் வரவில்லை. எனக்கென்ன இங்கே வேலையில்லையா?

அன்புடன் அண்ணன்
அம்புறோஸ்

*

அல்லைப்பிட்டி
29.02.2024

பாசமுள்ள றஞ்சிக்கு,

ஒரு சொல்லும் பேசாமல் என்னைப் பஸ் ஏற்றிவிட்டாய். பஸ் நிலையத்துக்கு வந்த வழி முழுக்க நீ பேசுவாய் பேசுவாய் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வர வேண்டாம் என்று நீ சொன்னது உண்மை. தூர நின்று பார்த்துவிட்டு உனக்குத் தெரியாமல் திரும்பிவிடலாம் என்றுதான் சைக்கிளை பஸ் கூரையில் கட்டிக்கொண்டு வந்தேன். ஹக்கலை ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் கோவாப் பாத்தி ஓரமாக நின்றேன். நீ வந்தாய். முகம் சிவந்து, வாய் திறந்து, சைக்கிள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. அதைக் கண்டதும் நினைத்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. நானும் ஏறி மிதித்தேன். என் சைக்கிள் முதல் வளைவிலேயே படுத்துவிட்டது. அதைக் கோவாப் பாத்திக்குள் எறிந்துவிட்டு ஓடிவந்து உன் முதுகில் கையை வைத்தேன்.

நீ திரும்பி ஏதோ சொன்னாய். மூச்சு வாங்குகிறாய் என்று நினைத்து, "மிதி பிள்ளை, விடாதை, மிதி!" என்று கத்தினேன். மோட்டார் சைக்கிளில் வந்தவன் கன்னத்தை உப்பிக்கொண்டு விசில் ஊதியதை அவன் குறுக்கே வந்து மறித்த பிறகுதான் கண்டேன். அவன் உன் சைக்கிளில் இருந்த இலக்கத்தைக் கழற்றியபோதும் எனக்கு விளங்கவில்லை. கை கொடுத்தால் குற்றம் என்று எந்த ஊரில் சட்டம் இருக்கிறது? எங்கள் பாலத்தில் கை கொடுக்காமல் போனால்தான் குற்றம்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. மனதை விடாதே. சுவாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். நீ ஐயா இல்லாத பிள்ளை, அண்ணனுக்குக் காது கேளாது என்று ஓட்டம் நடத்திய கழகத்துக்கு நல்லதொரு கடிதம் எழுதித் தருவார். பெயரைப் பதிந்துவிடுவார்கள்.

உன் அண்ணன்
அம்புறோஸ்

*

பண்டாரவளை
10.03.2024

அண்ணைக்கு,

சுவாமியாரின் கடிதம் வேண்டாம். தயவுசெய்து அதைக் கிழித்துப் போடுங்கள்.

அப்போது நேரம் ஒன்று ஐம்பது. இன்னும் ஒன்பது கிலோமீற்றர்தான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கையில் இருந்தது. நான் களைத்திருந்தேன், ஆனால் விழவில்லை. சைக்கிள் ஆடியது, ஏற்றத்தில் எல்லோருடைய சைக்கிளும் ஆடும். "விடுங்கோ அண்ணை, விடுங்கோ" என்று நான்கு தரம் கத்தினேன். அது உங்களுக்குக் கேட்காதது உங்கள் பிழையில்லை. வர வேண்டாம் என்று எழுதியதைக் கண்ணால் வாசித்தீர்களே, அது?

இதுவரை சொல்லாததை இப்போது சொல்கிறேன். இரண்டாயிரத்து ஆறில் சண்டையில் ஊர் கலைந்தபோது இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்தேன். இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது என்று எத்தனை தரம் எழுதினேன். ஆனாலும் எனக்குத் தெரியாமல் என் பெயரில் ஊர்ப்பக்கம் இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்தீர்கள். அரியநாயகம் வீட்டுச் சம்பந்தத்துக்கு நீங்கள் ஓம் சொல்லிவிட்டீர்கள். இல்லையென்று சொல்ல அந்த வீட்டு வாசலில் நான்தான் போய் நின்றேன். எல்லாம் என் நன்மைக்குத்தான். அதுதான் கரைச்சல். கெட்டது செய்பவரோடு சண்டை பிடிக்கலாம், உங்களோடு எப்படிப் பிடிப்பது? ஐயா கடலில் போனபோது உங்களுக்குப் பதினெட்டு வயது. படிப்பை விட்டு என்னை வளர்த்தீர்கள். அந்த நன்றிக்காக இத்தனை காலம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

உங்கள் கை என் முதுகில் இருக்கும்வரை, நான் ஓடினேனா ஓட்டப்பட்டேனா என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் தொண்ணூறு கிலோமீற்றருக்கு மேல் மிதித்தேன்.

கொஞ்சக் காலம் எனக்கு எழுத வேண்டாம். எழுதினாலும் பதில் வராது.

றஞ்சனி

*

அல்லைப்பிட்டி
20.08.2024

பாசமுள்ள றஞ்சிக்கு,

உயிர்த்த ஞாயிறுக்கு ஒன்று, உன் பிறந்தநாளுக்கு ஒன்று, சும்மா ஒன்று. இது நான்காவது. எழுத வேண்டாம் என்றாய். அதையும் நான் கேட்கவில்லை, பார்த்தாயா.

இங்கே சோளகம் பலமாக அடிக்கிறது. வள்ளங்கள் எல்லாம் கரையில். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சறோஜினிதேவி ரீச்சர் ஓய்வு பெற்றுவிட்டா, உன்னை விசாரித்தா. மச்சாள் உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது மூன்றாம் நாள்தான் தெரியவந்தது.

போன கிழமை பட்டணத்துக்குப் போய்ப் பின்னேரம் சைக்கிளில் திரும்பினேன். பாலத்தில் எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, சரவணை ஊர்ப் பக்கமாக்கும், தனியாக மிதித்துக்கொண்டு போனாள். காற்று அவளை அசையவிடவில்லை. என் கை தானாக எழும்பியது. பிடித்துத் திரும்பக் கைபிடியில் வைத்தேன். அந்தப் பிள்ளை ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சந்தியைப் பிடித்துவிட்டது. எனக்கு முன்னமே பிடித்துவிட்டது.

அன்றிரவு முழுக்க ஒரே யோசனை. றஞ்சி, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐயா போன பிறகு அந்தப் பாலத்தில் ஏறுவதற்கு எனக்குப் பயம். இரண்டு பக்கமும் தண்ணீர். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஐயா அதற்குள்தான் கிடக்கிறார் என்று தோன்றும். உன் முதுகில் கையை வைத்து உன் பின்னலையே பார்த்துக்கொண்டு மிதித்தால் கடல் தெரியாது. நீ இல்லாத நாட்களில் மீன்பெட்டியோடு பஸ்ஸில்தான் போய்வந்தேன், உனக்குத் தெரியாது. பிறகு அதே கடலுக்குள் முப்பது வருடம் குளித்தேன். வயிறு இருக்கிறதே, அது பயத்தை விடப் பெரியது.

உன்னைத் தள்ளினேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தேன். உண்மையில் நான் உன்னைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன்.

என்னை மன்னித்துக்கொள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன்
அம்புறோஸ்

*

பண்டாரவளை
05.01.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களுக்கும் மச்சாளுக்கும் புதுவருட வாழ்த்துகள். உங்கள் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. ஆவணியில் எழுதியதை எத்தனை தரம் வாசித்தேன் என்று எண்ணவில்லை. கடலுக்குப் பயம் என்று ஏன் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை? நான் சின்னப் பிள்ளைதான், என்றாலும் பாட்டாவது படித்துக்கொண்டு வந்திருப்பேனே.

இம்முறை ஓட்டம் மாசி இருபத்துமூன்று. பெயர் கொடுத்திருக்கிறேன். பாதையும் நேரமும் போன வருடம் போலத்தான்.

வர வேண்டாம், அண்ணை. ஒருதரம்தான் சொல்வேன்.

தங்கச்சி
றஞ்சனி

*

அல்லைப்பிட்டி
23.02.2025, ஞாயிறு பின்னேரம்

பாசமுள்ள றஞ்சிக்கு,

நீ முடித்தாயோ இல்லையோ தெரியாது. கேட்கவும் இல்லை. மச்சாள் உனக்குப் போன் எடுக்க வெளிக்கிட்டாள். பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இப்போது திறப்பை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் இரண்டு பேரும் தேடுகிறோம்.

பொய் சொல்லக்கூடாது. நேற்று நான் பதுளை பஸ்ஸில் ஏறிவிட்டேன். சைக்கிள் இல்லை. ஒரு பை, ஒரு தொப்பி, அவ்வளவுதான். இந்தமுறை மரத்துக்குப் பின்னால் நிற்கலாம், கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். யன்னலோரத்தில் இருந்தபடி கைதடி தாண்டினேன். என் கையைப் பார்த்தேன். இது பைக்குள் நிற்கிற கையில்லை என்று எனக்குத் தெரியும். சாவகச்சேரியில் எழும்பி இறங்கிவிட்டேன். "பதுளைக்கு ரிக்கற் எடுத்தனீங்கள், இஞ்சை ஏன் இறங்கிறியள்?" என்று கேட்டானாம் கொண்டக்டர். பக்கத்தில் இருந்த மனுசி கையால் விளங்கப்படுத்தினா. "தங்கச்சி வேண்டாமெண்டவள்" என்றேன். அவனுக்கு என்ன விளங்கியதோ, பையை எடுத்துக் கையில் தந்தான்.

இன்று காலையில் சாட்டிக் கோயிலுக்குப் போய்ச் சிந்தாத்திரை மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். பிறகு கடற்கரையில் போய் இருந்தேன். கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைகுட்டிகளோடு சனம் வந்து குளித்துவிட்டுப் போனது. ஒன்று ஐம்பதுக்கு எழும்பினேன், திரும்ப இருந்தேன். மூன்று மணி ஆனதும் வீட்டுக்கு வந்தேன். மிதித்தது நீ, முழங்கால் நோவது எனக்கு.

எப்படி முடிந்திருந்தாலும் நீ எழுதுகிறபோது எழுது.

அண்ணன்
அம்புறோஸ்

*

பண்டாரவளை
24.02.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இரண்டு மணி நாற்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்குப் பின்னால் மூன்று பேர்தான். பெயரைப் பதிந்த பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. எழுத்துக் கூட்டிச் சொன்னேன். தாளைத் திருப்பிச் சரியா என்று காட்டினாள். சரியாகத்தான் இருந்தது.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். ஹக்கலை ஏற்றம் தொடங்கியதும் என் கண் உங்களைத் தேடியது. கோவாத் தோட்டங்கள், தேநீர்க்கடைகள், மரங்கள், ஒன்றும் விடவில்லை. கண்டால் என்ன சொல்லி ஏசுவது என்று சொல்லெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். நீங்கள் இல்லை. அதற்கப்பால் இரண்டு வளைவில் என்னால் ஏலாமல் போய்விட்டது. இறங்கி, சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு அழுதேன். சொன்ன சொல்லைக் கேட்டுவிட்டீர்களே என்று எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. அப்படியும் ஒரு கோபம் இருக்கிறது, அண்ணை. மூன்று மணி வரை அங்கேயே நின்றிருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். கண்ணைத் துடைத்தேன், அரை மைல் உருட்டிக்கொண்டு நடந்தேன். பாதை கொஞ்சம் சரிந்த இடத்தில் ஏறினேன். பிறகு இறங்கவில்லை.

முடித்த இடத்தில் எல்லோரையும் கட்டிப்பிடிக்க யாராவது நின்றார்கள். நான் ஒரு வாங்கிலில் தனியே இருந்து தேநீர் குடித்தேன். கவலையில்லை. ஆனால் முதலில் யாருக்குச் சொல்வது என்று யோசித்தபோது உங்கள் முகம் மட்டும்தான் வந்தது.

வராமல் இருந்ததற்கு நன்றி, அண்ணை. சித்திரை விடுமுறைக்கு மச்சாளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான்தான் கேட்கிறேன்.

உங்கள் தங்கச்சி
றஞ்சி