வாயைத் திறக்காமல் பாடிய மதினிக்கு

என் தங்க வள்ளி மதினி,

முதல்ல ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிடுறேன். போன மாசம் விதுராவில் இருந்து எஸ்டேட்டுக்கு ஏறுற ஜீப்பில் டிரைவர் ஒரு அம்மன் பாட்டு போட்டான். எடுத்த எடுப்பிலேயே உங்க குரல். "ஐயோ என் மதினி"ன்னு கத்தி அழுதுட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. டிரைவர் வண்டியை ஓரம் கட்டித் தண்ணி குடுத்தான். அப்புறம் கேசட் அட்டையை வாங்கிப் பார்த்தா, போட்டோவில் மூக்குத்தி போட்ட ஒரு சின்னப் பொண்ணு. மெட்ராஸ்காரியாம்.

அழுததைத் திருப்பி எடுக்க முடியுமா? இறங்குற வரைக்கும் மரியாதைக்காக மூக்கை உறிஞ்சிக்கிட்டே வந்தேன். அந்த அம்மா என் கையை விடவே இல்ல.

சிரிங்க, சிரிங்க. எனக்கு வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போயிட்டு. அத்தனை வருஷம் உங்க தோளோட தோள் ஒட்டி நின்னு பின்பாட்டுப் பாடினவ நான். எனக்கே உங்க குரல் அடையாளம் தெரியலையா? தெரியாமப் போக வச்சது யாரு?

அந்த மலையாளத்துக் கேசட் கம்பெனிக்காரன் நம்ம கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கா? வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. கூட்டத்தில் நின்னு நீங்க பாடினதைக் கேட்டுட்டு, மறுநாளே நம்மளைக் காரில் ஏத்திக் கீழ டவுனில் தம்பானூர் ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போனான். கண்ணாடி ரூமுக்குள்ள நின்னு, கொழுந்து பறிக்கும்போது நீங்களே கட்டின பாட்டெல்லாம் பாடினீங்க. பிரியாணி வாங்கிக் குடுத்தான். எனக்கு ரெண்டு முட்டை.

அப்புறம் ஒரு ஒப்பந்தப் பேப்பரை நீட்டினான், முழுக்க இங்கிலீஷ். என்ன எழுதியிருக்குன்னு கேட்டீங்க. "இனி நீங்க நம்ம கம்பெனிக்கு மாத்திரம் பாடணும். அவ்வளவேயுள்ளு"ன்னு சொன்னான். பெரிய வீட்டில் பெண் கேட்டு வந்த மாதிரி உங்க முகம் பூரிச்சுப் போச்சு. அந்த நேரம் பார்த்து அவன் சொன்னான், "ஸ்டூடியோவில் வேண்டாம். உங்க அம்மன் முன்னால வச்சு கையொப்பு போடலாம், அதாணு ஐஸ்வரியம்." திரும்ப மலை ஏறி வந்து, சூடம் கொளுத்தி, அவ காலடியில் பேப்பரை வச்சுக் கையெழுத்து வாங்கினான். பின்பாட்டுக்காரி கையெழுத்து எதுக்குன்னு என்னை விட்டுட்டான்.

உங்களை ஒருநாள் பார்த்ததிலேயே அவனுக்குப் புரிஞ்சு போச்சு, இவ கோர்ட்டுக்குப் பயப்பட மாட்டா, சாமிக்குப் பயப்படுவான்னு.

கேசட் வரவே இல்ல. அந்த வருஷம் யாரோ ஒரு மெட்ராஸ்காரி கேசட் நல்லா ஓடிச்சாம். உங்க டேப்பை அலமாரியில் போட்டுப் பூட்டிட்டான். கேட்டா "மார்க்கெட் சரியில்ல". அடுத்த கொடைக்குக் கமிட்டிக்காரங்க வந்து கூப்பிட்டப்போ, பாட மாட்டேன்னுட்டீங்க.

"மதினி, கம்பெனி அங்க கீழ கிடக்கு. நீங்க இந்த மலையில பாடினா அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அவனுக்குத் தெரியாதுடீ. அவளுக்குத் தெரியும்."

அன்னைக்குத் தொடங்கி, கொழுந்து பறிக்கையில் வாயை இறுக்கி மூடிக்கிட்டு மெட்டை மட்டும் முனகுவீங்க. "கம்பெனிக்கு வாயை மட்டும்தான் எழுதிக் குடுத்தீங்களா, மூக்கு இன்னும் உங்களுதுதானா?"ன்னு கேட்டா, கூடையோட குலுங்கிச் சிரிப்பீங்க. என் மக கல்யாணத்திலும் முனகல்தான். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் கடைசியாப் படுத்திருந்தப்பவும் முனகல்தான். அப்பவாவது வாயைத் திறந்து ஒரு பாட்டு பாடியிருக்கக் கூடாதா? எனக்கு அவன் மேல முக்கால் கோபம். மிச்சக் கால் உங்க மேல.

இப்போ சேதி கேளுங்க. போன வாரம் அந்தக் கம்பெனிக்காரன் மகன் வந்தான். சென்ட் வாசம் ஜீப்பில் இருந்து இறங்கி, அவன் அப்புறமா இறங்கினான். உங்க படத்துக்கு மாலை போட்டு சிடி கொண்டு வரப் போறாங்களாம். நீங்க செத்துட்டீங்கன்னு கேட்டதும் மார்க்கெட் சரியாயிட்டு போல. பின்னால் என் குரலும் இருக்கிறதால என் கையெழுத்து வேணுமாம். வாய்க்கு வாய் சேச்சி சேச்சின்னான், அக்காவாம். அவன் வயசுக்கு நான் அம்மா முறை.

பேசிக்கிட்டே சின்ன மிஷின் ஒண்ணை எடுத்து என் காதில் மாட்டினான். மதினி... நீங்க.

"கொழுந்து கிள்ளும் கையிக்குக் குளிரு தெரியலையோ மாரி..."

நான் நினைச்சு வச்சிருந்ததைவிடக் கனமான குரல். பின்னால் நான், கொஞ்சம் பிந்தி. ரெண்டு வரியில் நிறுத்திட்டான். "கையொப்பு போட்டா முழுசும் கேக்கலாம் சேச்சி."

"முதல்ல இந்தப் பேப்பரை எனக்குப் புரியுற மாதிரி வாசி."

வாசிச்சான். நடுவில் அதே வரி வந்துச்சு. நானும் இனி வேற எங்கேயும் பாடக் கூடாது.

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"சும்மான்னா வெட்டிடு."

"ஐயோ, அது முடியாது சேச்சி. அச்சன் சம்மதிக்க மாட்டார்."

"அப்போ சும்மா இல்லையே, மோனே."

பேப்பரை மடிச்சான். அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொன்னான், "நமுக்கு அம்மன் முன்னால வச்சு..."

எழுந்துட்டேன் மதினி. காதில் இருந்ததைக் கழட்டி அவன் கையில் வச்சேன். "உங்க அப்பன் ஒருத்தியை ஊமையாக்கினது போதும், போடா"ன்னேன். டேப்பு அலமாரியிலேயே இருக்கும்னு சொன்னான். இருக்கட்டும்னேன். அவன் போன பிறகு, ஜீப் சத்தம் அடங்குற வரைக்கும் அந்த ரெண்டு வரியைத்தான் திருப்பித் திருப்பி நினைச்சுக்கிட்டிருந்தேன். மீதியைக் கேட்காமலேயே நான் போய்ச் சேரணுமா? நான் செஞ்சது சரிதானா?

நம்ம பக்கத்துப் பாட்டுக்காரங்க யாராவது இதை எட்டிப் பார்த்து வாசிச்சா வாசிக்கட்டும். பேப்பரை நீட்டினா, உங்க பாஷையில் வரி வரியா வாசிக்கச் சொல்லுங்க. எத்தனை நாளைக்குக் கட்டுப்பாடுன்னு கேளுங்க. கேசட் வரலைன்னா பாட்டு என் கைக்குத் திரும்ப வருமான்னு கேளுங்க, அதையும் பேப்பரில் எழுதச் சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் முட்டையைப் பார்த்தோமே தவிர இதைக் கேட்கலை. பாடின அன்னைக்கே ஒரு காப்பி வாங்காம ஸ்டூடியோ படி இறங்காதீங்க. சும்மா எழுதின வரின்னு எவனாவது சொன்னா வெட்டச் சொல்லுங்க, அப்போ தெரியும் அவன் யாருன்னு. சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடுறவன்கிட்ட, அவன் அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க.

மதினி, நான் உங்களுக்கு வாக்குக் குடுக்கிறேன். உயிர் இருக்கிற வரைக்கும் எல்லாக் கொடைக்கும் உங்க பாட்டைப் பாடுவேன், மைக்கில் முதல்ல உங்க பேரைச் சொல்லிட்டு. இந்தக் கொடையிலேயே தொடங்கிட்டேன். அம்மன்கிட்ட முன்கூட்டியே சொன்னேன், "அந்தப் பேப்பர் மதினியோட போச்சு. என்கிட்ட கணக்குக் கேட்காத." ஒரு பாட்டு விடாமப் பாடினேன், பொம்பளைங்க எல்லாரும் கூடப் பாடினாங்க. மைக்செட்காரத் தம்பிகிட்டச் சொல்லி எல்லாத்தையும் டேப்பில் பிடிக்கச் சொன்னேன்.

மறுநாள் காலையில் போட்டுக் கேட்டோம். டேப் ரிக்கார்டரை ஜெனரேட்டர் பக்கத்தில் வச்சிருக்கான். ரெண்டு பக்கமும் வெறும் ஜெனரேட்டர் சத்தம்தான் பதிவாகியிருக்கு. நல்லாத் தெளிவா இருக்கு.

என்றும் உங்க வாயாடி நாத்தனார்,
பாக்கியம்